முப்பத்தொரு முகத்துக்கு மிஷின் தையல்

பாய் இல்லை அக்கா. பார்க்கப் பாய் மாதிரிதான் இருக்கிறது, பெட்ஷீட்டில் சுற்றி நாடாவால் கட்டியிருக்கிறேன் இல்லையா, கண்டக்டரும் அப்படித்தான் நினைத்தார். "பாயைத் தூக்கி மேல போடும்மா, வர்றவங்க காலு தட்டும்" என்றார். பாய் இல்லை சார், ஓவியம் என்றேன். "ஓவியத்தை எதுக்கும்மா சுருட்டிக்கிட்டு?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். பார்த்தீர்களா? இந்த ஊரில் ஒருவருக்காவது ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்கும் பொறுமை இருக்கிறதா?

உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இப்படிச் சாய்த்துக்கொள்கிறேன். திருச்சி வரைக்கும் இதை மடியை விட்டு இறக்கமாட்டேன். நீங்கள் பெரம்பலூரா? என்ன வேலை பார்க்கிறீர்கள்? தையலா! எக்ஸ்போர்ட் கம்பெனியில், காலர் பிரிவிலா? அப்படியானால் ஆள் தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அது பிறகு. முதலில் இதைச் செய்தவளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவள் பெயர் பெர்பெத்துவா. அவளுடைய நாட்டில் அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றோடு எழுபத்து மூன்று நாள்.

எந்த நாடா? ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. ஆப்பிரிக்கா என்றால் ஒரே நாடு என்று நினைத்துவிடாதீர்கள், ஐம்பத்து நான்கு இருக்கிறது. எது என்று மட்டும் கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள், இந்த விவகாரத்தைப் பற்றி வெளியில் எந்தப் பெயரையும் சொல்லமாட்டேன் என்று. அவள் பெயர் வாய்தவறி வந்துவிட்டது, மறந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டேன்தான். பயந்து இல்லை. முனைவர் பட்டத்துக்கு வைவா பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் துறைத்தலைவர் பெயரும் வேண்டாம். அந்த மனிதர் எப்படிப்பட்ட கோழை என்று கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் பெயர் வேண்டாம்.

பெர்பெத்துவா எட்டு மாதத்துக்கு எங்கள் கவின்கலைத் துறைக்கு வந்தவள். முப்பத்தாறு வயது. ஆள் நல்ல உயரம், பேச்சுதான் குட்டை. விடுதியில் என் பக்கத்து அறை. மெஸ்ஸில் பரிமாறும் ராஜகிளி அக்காவுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. "பேர் பெத்தவளே, இன்னொரு தோசை வைக்கவா?" என்பார். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலே சொல்: தண்ணி, தோசை, போதும், சரி. மற்றபடி எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் என்னிடம் பேசும்போது இடையிடையே அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் நிறையவே சொல்வாள். எனக்கு அவள் வைத்த பெயர் அட்வகேட். சாயங்காலம் நான் வகுப்பறையிலிருந்து யாருடனாவது சண்டை போட்டுவிட்டு வந்தால், "அட்வகேட், இன்னிக்கு யார் ஜெயிச்சது?" என்று கேட்பாள். "நான்தான்" என்பேன். "எப்பவும் நீதான்" என்பாள். அவ்வளவு பாசம்.

அவள் செய்வது என்ன தெரியுமா? அவர்கள் நாட்டில் தேர்தல் வந்தால் ஆளும் கட்சி துணி கொடுக்கும். நம் ஊரில் வேட்டி சேலை கொடுப்பது மாதிரிதான், ஆனால் அந்தத் துணி முழுக்க அதிபரின் முகம் அச்சடித்திருக்கும், உள்ளங்கை அளவில், வரிசை வரிசையாக. பெண்கள் அதைப் பாவாடை தைத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போக வேண்டும். தைக்கிறவர்களுக்குத்தான் கண்டம். அதிபரின் முகம் உட்காரும் இடத்தில் வந்துவிடக் கூடாது. வந்தால் அவமதிப்பு, கேஸ்.

பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். துணி வெட்டுகிறவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது. பின்பக்கம் விழுகிற முகங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறு துணி வைத்து ஒட்டுப்போடுவார்களாம். சரி, வெட்டிய முகத்தை என்ன செய்வது? குப்பையில் போட்டாலும் குற்றம், எரித்தாலும் குற்றம். அதனால் தையற்காரிகள் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிடுவார்கள். பெர்பெத்துவாவின் அம்மா தையற்காரி. அவர்கள் வீட்டுப் பரணில் மூன்று டப்பா நிறைய அதிபர்.

அந்த முகங்களை எடுத்துத்தான் இவள் வேலை செய்வாள். பூப்போட்ட சாதாரணத் துணி, அதன்மேல் மாவுச் சாக்கு, மாத்திரை அட்டை, சோடா மூடி, செத்துப்போன சிம் கார்டு, ஜிப்பு. 'விருந்து' என்று ஒன்று செய்தாள். நீள மேசையில் ஒன்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒன்பது பேருக்கும் அதிபரின் முகம். பல்லெல்லாம் சோடா மூடி. தட்டில் மாத்திரை அட்டை. ஒரு ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்தை மொத்தமாகத் தின்கிறார்கள். எங்கள் வாட்ச்மேன் தினம் வந்து அதன் முன்னால் நிற்பார். "இவரை எனக்குத் தெரியும்மா. எங்க வார்டுலயும் ஒருத்தர் இருக்காரு" என்பார். கலை என்றால் அது அக்கா.

முகம்தான் அதில் உயிர். முகத்தை எடுத்துவிட்டால் அது வெறும் கல்யாணப் பந்தி. அந்த உயிரை அவள் எப்படி மாட்டியிருந்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஓட்டுத் தையல்! பிளவுஸ் அளவு பார்க்க முதலில் கையால் போடுவீர்களே, அது. ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் சிவப்பு நூலில் நீள நீளமாக ஒரு சுற்று, முடிச்சு கூட இல்லை, கடைசியில் நூலை ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தாள். ஒரு முகம் இல்லை, ஏழு ஓவியத்திலும் சேர்த்து முப்பத்தொரு முகம், முப்பத்தொரு வால். எனக்குக் கண்ணை உறுத்தியது.

"இந்த வாலை வெட்டிடவா?" என்று கத்தரியோடு போனேன்.

"வேணாம். வால் இருக்கட்டும்."

"அசிங்கமா இருக்கே."

"இருக்கட்டும், அட்வகேட்."

கண்காட்சி அன்று நான் பயந்தது நடந்தது. ஃபேன் காற்றில் ஒரு முகம் கழன்று துறைத்தலைவர் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, "என்னம்மா, காலேஜ்ல கம் கூடவா இல்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மெஸ்ஸில் அவளை விடவில்லை. ராஜகிளி அக்கா மேசையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைக்கிற வரைக்கும் பேசினேன்.

"நீ கிண்டல் பண்றது ஒரு சர்வாதிகாரியை. அவன் முகத்தை எப்ப வேணா கழட்டிக்கலாம்ங்கற மாதிரி மாட்டலாமா? அது நையாண்டியா, ஓடி ஒளியறதா?"

"எங்க ஊர் ஏர்போர்ட்ல..." என்று ஆரம்பித்தாள்.

"ஏர்போர்ட்டை விடு. நான் கொள்கையைப் பேசறேன்."

"எங்க அம்மா..."

"குடும்பத்தை உள்ள கொண்டுவராதே. உலகத்துல எல்லாக் கோழையும் சொல்ற முதல் சாக்கு குடும்பம்தான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு தமிழில், "சரி" என்றாள். ஒத்துக்கொண்டாள் அக்கா. நான் ஜெயித்தேன்.

கண்காட்சி முடிந்தது வியாழன். அவளுக்கு சனிக்கிழமை விமானம். நாட்டை விட்டுப் போக ஒரு காகிதம் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்கிற ஆபீசில் அவளை அலைக்கழித்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க உட்காரவைத்துவிட்டு நாளைக்கு வா என்றார்கள். வெள்ளைக்காரியாக இருந்தால் அப்படிச் செய்வார்களா? வெள்ளிக்கிழமை காலை அங்கே கிளம்பும்போதே என்னிடம், "படங்களை நானே வந்து சுருட்டறேன், நீ தொடாதே. எனக்கு அதுல ஒரு மணி நேர வேலை இருக்கு" என்றாள். இவ்வளவு அலைச்சலில் அந்த வேலையையும் அவள் தலையில் போடுவதா? நானே செய்துவிட்டேன்.

ஏழு ஓவியத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு எதிரே அமானுல்லா பாய் கடைக்குப் போனேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது பிரிக்கறதுக்குன்னே போட்ட தையல் மாதிரில்ல இருக்கு. செஞ்சவங்களைக் கேட்டீங்களாம்மா?" என்றார். பரிசு கொடுப்பதைக் கேட்டுக்கொண்டா கொடுப்பார்கள்? "பாய், இரட்டைத் தையல் போடுங்க. யானை இழுத்தாலும் வரக் கூடாது" என்றேன். அன்று முழுக்க, மறுநாள் காலையிலும், நான் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் ஓட்டினார். எப்பேர்ப்பட்ட கை தெரியுமா, முகத்தின் ஓரத்தை அரை இஞ்ச் மடித்துச் சுற்றிலும் இரண்டு வரி. வால்களை எல்லாம் நான் வெட்டினேன். ஒரு கைப்பிடி சிவப்பு நூல் சேர்ந்தது.

அவள் காகிதத்தோடு வரும்போது மணி ஒன்று. மூன்றுக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் சுருட்டி, பிளாஸ்டிக் போட்டு, கயிற்றால் எட்டுச் சுற்றுக் கட்டி வைத்திருந்தேன். ஆள் உயரத்துக்கு இருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "பரவால்ல, அங்க போய்ப் பார்த்துக்கறேன். ஒரு நிமிஷ வேலைதான்" என்றாள். எது ஒரு நிமிஷ வேலை என்று எனக்கு விளங்கவில்லை. கயிற்றை அவிழ்ப்பதைச் சொல்லியிருப்பாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஏழில் சேராமல் தன் அறையில் தனியாக வைத்திருந்த இந்த ஒன்றை, இப்போது என் மடியில் இருக்கிறதே இதை, "இது உனக்கு, அட்வகேட்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இறங்கி, பெட்டிகளை எடுத்த கையோடு அனுப்பியிருக்கிறாள். இருங்கள், படித்துக் காட்டுகிறேன். "யார் தைத்தது?" இவ்வளவுதான். ஒரே வரி. நான் உடனே, "நான்தான்! என் பரிசு!" என்று போட்டேன், கூடவே மூன்று இதயம். இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவும் ஆயிற்று. பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை.

எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் பாருங்கள். வீட்டுக்குப் போகும் வரைக்கும் கூடப் பொறுக்கவில்லை, ஏர்போர்ட்டிலேயே பிரித்துப் பார்த்திருக்கிறாள். யார் இவ்வளவு அழகாகத் தைத்தது என்று கேட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைக் கூட அனுபவிக்கவிடாமல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் பாவிகள்.

என்ன அக்கா, முகம் மாறுகிறது? வெயிலா? ஜன்னல் திரையை இழுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் நாட்டு அரசாங்கப் பத்திரிகை என்ன எழுதியது தெரியுமா? பெண்கள் கழிப்பறையில் உட்கார்ந்து நகவெட்டியால் தையலை அறுத்துக்கொண்டிருந்தபோது பிடித்தார்களாம். நான்கு முகம்தான் அறுக்க முடிந்ததாம், விரலெல்லாம் ரத்தமாம். எப்பேர்ப்பட்ட பொய்! தான் செய்ததைத் தானே அறுப்பாளா ஒருத்தி? அதிகாரம் இப்படித்தான், கலைஞரைப் பிடித்தால் போதாது, கோழை என்றும் காட்ட வேண்டும். இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதிவிட்டேன், இன்னும் எங்கும் அனுப்பவில்லை. வைவா முடியட்டும்.

அதே பத்திரிகையில் ஒரு புகைப்படம். இரண்டு அதிகாரிகள் 'விருந்து' படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் முகத்தைப் பிய்க்கிறார்கள். துணிதான் இழுபடுகிறது, முகம் வரவில்லை. அமானுல்லா பாய் தையல்! அந்த வருத்தத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா, பொய் சொல்வானேன். பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாய் பார்த்தார். ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழப் போய்விட்டார். அப்போது தொழுகை நேரம் கூட இல்லை. அவருக்கும் பயம்.

எல்லோருக்கும் பயம். இந்தக் கதை முழுக்கப் பயம்தான். தூதரகத்துக்கு மனுப் போடலாம் என்று இருநூறு கையெழுத்து வாங்கினேன். துறைத்தலைவர் கூப்பிட்டு, "அது அவங்க உள்நாட்டு விஷயம்மா, உனக்கு எதுக்கு?" என்றார். அவளுடைய தம்பி எனக்கு எழுதினான். அம்மாவையும் கொண்டுபோய்விட்டார்கள், பரணை இறக்கிவிட்டார்கள், மூன்று டப்பாவும் போயிற்று, தெருவில் இன்னும் நான்கு தையற்காரிகளைத் தேடுகிறார்கள் என்று. அம்மாவுக்கு சர்க்கரை வியாதி, மாத்திரை உள்ளே போகிறதா என்றே தெரியவில்லையாம். கடைசியில், "தயவுசெய்து நீங்கள் எதுவும் செய்யாதீர்கள்" என்று முடித்திருந்தான். பாவம். பயந்த குடும்பம். அவள் ஒருத்திதான் அங்கே தைரியசாலி, அந்தத் தைரியத்தைக் கூட நான்தான் வாதாடி வாதாடி வெளியே கொண்டுவந்தேன்.

விக்கிரவாண்டி மோட்டலா இது? பதினைந்து நிமிஷம் நிற்குமாம். நல்லது, எல்லோரும் இறங்கட்டும். நீங்கள் டீக்குப் போகவில்லையே? இடம் கிடைத்தது, பிரித்துக் காட்டுகிறேன். அந்த முனையைப் பிடியுங்கள்.

திருச்சியில் நாளைக்கு ஒரு சின்னக் கூட்டம் அக்கா. கலையும் எதிர்ப்பும் என்று பேசப் போகிறேன். ஒரு நாடு, ஒரு தோழி என்றுதான் சொல்வேன். நோட்டீசிலும் என் பெயர் வேண்டாம், ஆராய்ச்சி மாணவி என்று போட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன். இதை மேடையில் எனக்குப் பின்னால் மாட்டப் போகிறேன்.

பாருங்கள். இது அதிபர் இல்லை, ஒரு பெண். யாரோ பெண் அமைச்சராக இருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருக்கிறாள், என்னுடையதைப் போலவே கறுப்பு ஃபிரேம். வாய் பாருங்கள், முழு ஜிப்பு, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரைக்கும், திறந்தே இருக்கிறது. காது மட்டும் வைக்காமல் விட்டுவிட்டாள். அவசரம் போலிருக்கிறது. இதிலும் அதே ஓட்டுத் தையல்தான், அதே சிவப்பு வால். அதுதான் உங்களிடம் கேட்க நினைத்த உதவி. உங்கள் பையில் ஊசி நூல் இருக்கும் இல்லையா? பெரம்பலூர் வருவதற்குள் கையாலேயே கெட்டியாக ஒரு சுற்றுப் போட்டுத் தந்துவிடுங்கள். மேடையில் காற்றடித்தால் விழுந்து மானம் போய்விடும்.

என்ன பார்க்கிறீர்கள்? அந்த வாலையா? ஆமாம், அதைத்தான் சொன்னேன், அதை வெட்டிவிட்டு...

ஐயோ அக்கா! ஏன் இழுத்தீர்கள்?

கையோடு வந்துவிட்டதே. முழு முகமும். மூச்சு விடுகிற நேரம் கூட ஆகவில்லை. நூல் ஒரே இழையாக உங்கள் விரலில் தொங்குகிறது, ஒரு கிழிசல் இல்லை, ஓட்டை கூடத் தெரியவில்லை. அடியில் என்ன இது... பூ. பூதான். யார் பிரித்துப் பார்த்தாலும் ஒரு பெண் கட்டிக்கொள்கிற பூப்போட்ட துணி.

இவ்வளவுதானா? ஒரு இழு, அவ்வளவுதானா?

முப்பத்தொரு வால் அக்கா. எல்லாவற்றையும் நான்தான் வெட்டினேன்.

எதற்கு என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த முகத்தைக் கொடுங்கள் இப்படி. எனக்கு எப்படித் தெரியும்? எட்டு மாதம் பக்கத்து அறை, ஒரே மேசையில் சாப்பாடு. என்னிடம் சொல்வதற்கு என்ன? அவள் சொல்லியிருக்கலாம் இல்லையா அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?